வீட்டிலேயே பிரதோஷ விரதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மாதத்துக்கு இரண்டு மாலைகள் வேறு விதமாக இருக்கும். தொலைக்காட்சி ஓடாது. அடுப்பில் சுண்டல் வேகும். ஈரம் துடைத்த தரையில் கோலம் காய்ந்துகொண்டிருக்கும். என் மாமியார் இருந்தவரை அவர் கையால் நடந்த பிரதோஷ பூஜை அது. அவருக்குப் பிறகு நான் செய்துவருகிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள், புதிதாகக் குடித்தனம் தொடங்கிய உறவுப் பிள்ளைகள், கடல் கடந்து இருக்கும் தங்கை என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். கோயிலுக்குப் போக முடிந்தவர்கள் அவசியம் போய்வாருங்கள். இது, போக முடியாமல் வீட்டில் விளக்கேற்றுகிறவர்களுக்கு.

பிரதோஷம் என்பது எது?

தினமும் சூரியன் மறையும் வேளைக்கே பிரதோஷ காலம் என்று பெயர். இதை நித்தியப் பிரதோஷம் என்பார்கள். அதில் திரயோதசி, அதாவது பதின்மூன்றாம் திதி, கூடியிருக்கும் மாலைதான் சிவனுக்காக நாம் விரதம் இருக்கும் நாள். வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று. ஆண்டுக்கு 24 அல்லது 25 வரும்.

மாடியில் நின்று பார்த்தால் எந்தப் பிரதோஷம் என்று வானமே சொல்லிவிடும். வளர்பிறைப் பிரதோஷத்தில் விளக்கேற்றும் நேரத்துக்கே கிழக்கில் ஏறக்குறைய முழு நிலா நிற்கும். தேய்பிறையில் நிலா விடியற்காலையில்தான் வரும். அந்த மாலை நல்ல இருட்டு. எனக்கு அந்த இருட்டு மாலை மிகவும் பிடிக்கும். ஒற்றை விளக்கின் வெளிச்சம் அன்று தனியாகத் தெரியும்.

அந்த வேளைக்கு ஏன் இவ்வளவு சிறப்பு?

பாற்கடலைக் கடைந்த கதை எல்லோருக்கும் தெரியும். மந்தர மலை மத்து, வாசுகி கயிறு. அமுதம் வருவதற்கு முன்னால் ஆலகால விஷம் எழுந்தது. தேவர்களும் அசுரர்களும் ஓடிப்போய்க் கயிலையில் அடைக்கலம் புகுந்தார்கள். சிவபெருமான் அதை வாங்கி உண்டார். அம்பிகை அவர் கழுத்தைப் பற்ற, விஷம் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அதனால் அவர் நீலகண்டர். பிறகு அமுதம் கிடைத்ததும், காத்தவரை மறந்து தேவர்கள் கொண்டாட்டத்தில் இறங்கினார்கள். தவறு உணர்ந்து அவர்கள் திரும்பி வந்து வணங்கியது திரயோதசி மாலையில் என்றும், அப்போது நந்தியின் இரு கொம்புகளுக்கு நடுவே இறைவன் ஆடிக் காட்டினார் என்றும் சொல்வார்கள். கோயிலில் நந்தியின் கொம்புகளுக்கு இடையே பார்த்து வணங்குவது இதனால்தான்.

ஆந்திராவில், நம் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் சுருட்டப்பள்ளி என்று ஒரு தலம் இருக்கிறது. அங்கே விஷம் உண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலைவைத்துச் சிவன் பள்ளிகொண்டிருக்கிறார். லிங்கமாகவே பார்த்துப் பழகிய நமக்கு, படுத்திருக்கும் அந்தத் திருமேனி முன்னால் நிற்கும்போது கதை கதையாகத் தோன்றாது.

விஷத்தை அவர் உள்ளே இறக்கவும் இல்லை, வெளியே துப்பவும் இல்லை. பிறருக்காகத் தொண்டையில் நிறுத்திக்கொண்டார். பிரதோஷ மாலையில் விளக்கின் முன் உட்காரும்போது நான் நினைப்பது இதைத்தான். வீட்டில் இருப்பவளுக்கும் அன்றாடம் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள வேண்டிய சொற்கள் எத்தனையோ இருக்கின்றன.

நாள்காட்டியில் துவாதசி என்று போட்டிருக்கிறது, ஆனால் அன்றே பிரதோஷம் என்றும் போட்டிருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோண இடைவெளியை வைத்துக் கணக்கிடுவது. 12 பாகைக்கு ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதால் திதியின் நீளமும் கூடிக் குறையும். நள்ளிரவிலும் தொடங்கும், நண்பகலிலும் தொடங்கும். நாள்காட்டித் தாளில் பொதுவாகக் காலையில் இருக்கும் திதியை முதலில் அச்சிடுவார்கள். பிரதோஷத்துக்கோ மாலையில், சூரியன் மறையும் வேளையில் திரயோதசி இருக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் திரயோதசி தொடங்கி, செவ்வாய் பகல் 12 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலையில் துவாதசி, அதாவது பன்னிரண்டாம் திதிதான். ஆனால் திங்கள் மாலையில் திரயோதசி வந்துவிட்டது. எனவே பிரதோஷம் திங்களன்று. செவ்வாய்க் காலையில் தாளில் திரயோதசி என்று இருந்தாலும் மாலையில் பதினான்காம் திதியான சதுர்த்தசி ஆகிவிடும். இதைப் புரிந்துகொண்டால் ஒவ்வொரு முறையும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தாளில் திதி முடியும் நேரம் நாழிகையிலோ மணியிலோ இருக்கும், பாருங்கள்.

பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் கணக்கை வைத்துக் கணிக்கும் திருக்கணிதத்துக்கும் சில சமயம் சில மணி நேர வித்தியாசம் வரும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைப் பின்பற்றினார்களோ அதையே பின்பற்றுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது குழப்பத்தைத்தான் தரும்.

நேரம் சரியாக மாலை 4.30 முதல் 6 வரைதானா?

சூரியன் மறைவதற்கு முன் 3¾ நாழிகை, மறைந்த பின் 3¾ நாழிகை என்பது கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆக, முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம். ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது என்று வைத்துக்கொண்டு, முன்பாதியை மட்டும் எடுத்துச் சொல்வதே 4.30 முதல் 6 வரை என்பது. பெரும்பாலான கோயில்களில் நந்திக்கும் இறைவனுக்கும் அபிஷேகம் நடப்பது இந்த நேரத்தில்தான்.

உண்மையில் சென்னையில் கார்த்திகை மாதத் தொடக்கத்தில் 5.40 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். ஆனி, ஆடியில் 6.40 ஆகும். வீட்டில் செய்கிறவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன்: சூரியன் மறையும் நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், நாம் அதன் முன்னால் இருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் கூடக் குறைய ஆவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வேலை முடிந்து வீடு வரவே ஏழு மணி ஆகிவிடுகிறது. நான் விரதம் இருக்கலாமா?

தாராளமாக. மேலே சொன்ன கணக்கின்படி சூரியன் மறைந்த பின்னும் ஒன்றரை மணி நேரம் பிரதோஷ காலம் உண்டு. ஏழு மணிக்கு வந்து, கை கால் முகம் கழுவி, 7.10க்குள் விளக்கேற்றினால் அது காலம் தவறிய பூஜை ஆகாது. பஸ்ஸில் வரும்போதே சூரியன் மறைந்தால் அந்த நேரத்தில் 'நமசிவாய' என்ற ஐந்தெழுத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வாருங்கள். வேலைக்குப் போகும் பெண்கள் பலர் 'நமக்குச் சரிப்பட்டு வராது' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய நேரத்தைப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரின் சூரியன்தான் கணக்கு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே மறைகிறது, அங்கே 5.30க்குத் தொடங்கலாம். லண்டனில் ஜூன் மாதம் இரவு 9.20 வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

நாளும் மாறக்கூடும். திதி உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில்தான் தொடங்குகிறது. திங்கள் இரவு 10 மணிக்குச் சென்னையில் திரயோதசி தொடங்கி மறுநாள் இரவு 8 மணிக்கு முடிந்தால் இங்கே செவ்வாய்தான் பிரதோஷம். கோடைக்கால டொராண்டோவில் அதே திதி திங்கள் பகல் 12.30க்கே தொடங்கி, செவ்வாய்க் காலை 10.30க்கு முடிந்துவிடும், அங்கே திங்கள் மாலையே பிரதோஷம். உங்கள் ஊர்க் கோயில் வெளியிடும் நாள்காட்டியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கோடையில் இரவு ஒன்பது மணி வரை பட்டினி கிடக்க வேண்டுமா என்று என் தங்கை கேட்டாள். வேண்டாம், மதியம் பழமும் பாலும் எடுத்துக்கொள் என்றேன்.

யார் யார் இருக்கலாம்?

ஆண், பெண், மணமானவர், ஆகாதவர், கணவரை இழந்தவர் எல்லோரும் இருக்கலாம். இந்த விரதத்தில் எவரையும் விலக்கிவைக்க இடமில்லை. சிறு குழந்தைகளைப் பட்டினி போட வேண்டாம்; மணி அடிக்கச் சொல்லுங்கள், போதும்.

நாள் முழுவதும் ஒன்றும் சாப்பிடக் கூடாதா?

மூன்று விதமாக இருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் குடித்து மாலை பூஜை வரை இருப்பது ஒன்று. பால், மோர், இளநீர், பழம் எடுத்துக்கொள்வது இரண்டாவது. மதியம் வெங்காயம், பூண்டு சேர்க்காத எளிய உணவு ஒரு முறை சாப்பிட்டு, அதன்பின் பூஜை முடியும்வரை எதுவும் எடுக்காமல் இருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவாக உள்ள ஒரே கட்டுப்பாடு, பிரதோஷ வேளையில் வாயில் எதையும் போடாமல் இருப்பது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்றாவதில் தொடங்குங்கள். என் மாமியார் முழு உபவாசம் இருப்பார். அவரைப் பார்த்து முதல் பிரதோஷத்திலேயே நானும் தண்ணீர் கூடச் சரியாகக் குடிக்காமல் இருந்தேன். மாலையில் தலை சுற்றியது. அபிஷேகச் சொம்பு கையிலிருந்து நழுவியது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு தம்ளர் மோரைக் கையில் கொடுத்து, "நான் இருபது வருஷமாகப் படிப்படியாக வந்த இடம் இது, நீ ஒரே நாளில் வரவேண்டாம் அம்மா" என்றார். அதன்பின் பல ஆண்டுகள் நான் பால் பழம்தான்.

காப்பி?

குடிக்கலாம் என்பதே என் பதில். தினமும் காலையில் காப்பி குடித்துப் பழகியவர் அன்று விட்டால் பத்து மணிக்குத் தலைவலி வந்துவிடும். அந்த வலியோடு பூஜையில் மனம் நிற்காது. காலையில் ஒரு தம்ளர் குடித்துவிடுங்கள். மாலையில் மட்டும் பூஜை முடிந்த பிறகு.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள்?

இங்கே மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. மருந்து போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். 70க்குக் கீழே போனால் ஆபத்து. திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் அந்தக் கணமே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட வேண்டும். பூஜை பாதியில் இருந்தாலும் சரி, நைவேத்தியம் இன்னும் காட்டவில்லை என்றாலும் சரி. என் தந்தையார் அப்படி ஒரு மாலை பூஜை அறையிலேயே சரிந்து விழுந்தார். நைவேத்தியத்துக்கு வைத்திருந்த வெல்லத்தைத்தான் என் அம்மா எடுத்து அவர் நாவில் வைத்தார். அடுத்த பிரதோஷம் முதல் வேளா வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு மாலையில் பூஜைக்கு உட்கார்ந்தார், கடைசி வரை.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உணவை விட வேண்டாம். மருந்துகளை எவரும் எந்த விரதத்துக்காகவும் நிறுத்த வேண்டாம்.

வீட்டில் லிங்கம் இருந்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. சிவன் பார்வதி படம் ஒன்று போதும். அம்மையப்பர் நந்தியோடு இருக்கும் படமாக இருந்தால் இன்னும் பொருத்தம். லிங்கம் வைத்துக்கொள்வது என்றால் உள்ளங்கையில் அடங்குகிற அளவில் ஸ்படிகமோ உலோகமோ கல்லோ போதும். ஆனால் லிங்கம் வைத்த வீட்டில் தினமும் கொஞ்சம் தண்ணீராவது விட்டு, ஒரு பூ வைத்து, ஏதாவது ஒன்று நிவேதிக்க வேண்டும் என்பது வழக்கம். மாதத்தில் பாதி நாள் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் படமே மேல்.

பூஜையை எப்படிச் செய்வது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

காலையில் குளித்து, திருநீறு இட்டு, "இன்று பிரதோஷ விரதம் இருக்கிறேன், துணை நில்" என்று உங்கள் வார்த்தையிலேயே வேண்டிக்கொள்ளுங்கள். சங்கல்பம் வடமொழியில் தெரியாதே என்று தயங்க வேண்டாம்.

மாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, முடிந்தால் மறுபடி குளித்து, இல்லையென்றால் கை கால் கழுவி வாருங்கள். நல்லெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு விளக்கேற்றுங்கள். முதலில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் வைத்து வணங்க வேண்டும். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் ஆகும்.

லிங்கம் இருந்தால் ஒரு தாம்பாளத்தில் வைத்து அபிஷேகம். நான் செய்யும் வரிசை இது: தண்ணீர், பால், தயிர், தேன், இளநீர், சந்தனம் கரைத்த நீர், திருநீறு. ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர் விட்டுத் துலக்க வேண்டும். எல்லாம் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீரும் பாலும் திருநீறும் மட்டும் இருந்தால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பாலையும் தயிரையும் செம்புப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், களிம்பு ஏறும். வெள்ளிக் கிண்ணம் இல்லையென்றால் எவர்சில்வர் போதும். படம்தான் என்றால் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

பிறகு துடைத்து, எடுத்த இடத்தில் வைத்து, சந்தனம் இட்டு, வில்வம், தும்பை, வெள்ளெருக்கு, நந்தியாவட்டை என்று கிடைத்ததைச் சாத்துங்கள். தாழம்பூ சிவனுக்கு ஆகாது. சிறிய பித்தளை நந்தி இருந்தால் இறைவனைப் பார்த்தபடி எதிரே வைத்து, அருகம்புல் மாலையோ நான்கு அருகோ சாத்துங்கள்.

இனி உட்காருங்கள். அவசரப்பட்டுக் கற்பூரம் காட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். 108 முறை 'நமசிவாய' சொல்ல ஏழெட்டு நிமிடம்தான் ஆகும். அதன்பின் ஒரு பதிகம். பிறகு சாம்பிராணி, தீபம், நைவேத்தியம், கடைசியில் கற்பூரம். விழுந்து வணங்கி, திருநீறு இட்டுக்கொண்டு, வீட்டில் எல்லோருக்கும் இட்டுவிடுங்கள். அபிஷேகமும் சேர்ந்து மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகும். இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றால் அபிஷேகத்தை விட்டுவிடுங்கள், உட்காருவதை விடாதீர்கள்.

கோயிலில் செய்வது போல் சோமசூக்தப் பிரதட்சிணம் வீட்டில் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியைத் தாண்டாமல், அதுவரை போய்த் திரும்பித் திரும்பி வலம் வரும் அந்த முறை கோயிலின் அமைப்பை ஒட்டியது. வீட்டில் ஆத்ம பிரதட்சிணமாக, நின்ற இடத்திலேயே மூன்று முறை சுற்றி வணங்கலாம்.

அபிஷேகத்துக்குப் பால் எவ்வளவு வேண்டும்? மீந்ததை என்ன செய்வது?

இரண்டு கரண்டி. உள்ளங்கை அளவு லிங்கத்துக்கு அதற்கு மேல் எதற்கு? லிட்டர் கணக்கில் ஊற்றிச் சாக்கடையில் விடுவதைப் பார்க்க எனக்கு மனம் ஆறுவதில்லை. விட்ட பாலைத் தாம்பாளத்திலிருந்து தனியே எடுத்து வீட்டில் எல்லோரும் தீர்த்தமாகக் குடித்துவிடலாம். மற்ற அபிஷேக நீரைக் கால் படாத இடத்தில், செடியின் தூரில் ஊற்றுங்கள்.

வில்வம் கிடைக்கவில்லை. பழையதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். வில்வத்துக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு: ஒருமுறை சாத்தியதைக் கழுவி மறுபடியும் சாத்தலாம், காய்ந்திருந்தாலும் குற்றமில்லை. திங்கட்கிழமை, சதுர்த்தி, அஷ்டமி, அமாவாசை, பௌர்ணமி போன்ற நாட்களில் பறிப்பதில்லை என்பதால், திங்களன்று பிரதோஷம் வந்தால் ஞாயிறே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இலையும் முழுதாக, ஓட்டை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அறவே கிடைக்காத ஊரில் எந்த வெள்ளைப் பூவும் போதும்.

எதைப் பாடுவது? எனக்கு ராகம் தெரியாது.

ராகம் தெரியாவிட்டால் படியுங்கள். பிரதோஷத்துக்கென்றே பிறந்தது போல் ஒன்று உண்டு: ஞானசம்பந்தரின் திருநீலகண்டப் பதிகம். கொங்கு நாட்டில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது அவர் பாடியது. பாட்டுக்குப் பாட்டு 'திருநீலகண்டம்' என்றே முடியும். விஷம் தங்கிய அந்தக் கழுத்தின் மேல் ஆணையிட்டுச் சொல்லும் பாட்டு. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மருந்தோடு இதையும் படிப்பது எங்கள் வழக்கம்.

கோளறு பதிகமும் முதல் அடியிலேயே 'விடமுண்ட கண்டன்' என்று சொல்லிவிடுகிறது. நேரம் இருந்தால் மாணிக்கவாசகரின் சிவபுராணம். 95 அடிகள், நிதானமாகப் படித்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். மூன்றையும் ஒரே நாளில் ஓட்டமாக ஓட்டிவிட வேண்டாம். ஒன்றை எடுத்துப் பொருள் தெரிந்து படியுங்கள். கைபேசியில் பாட்டை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவதைவிட, தப்பும் தவறுமாக நம் வாயால் நான்கு வரி சொல்வது எவ்வளவோ நல்லது.

நைவேத்தியம் என்ன வைக்கலாம்?

காப்பரிசி. கோயில்களிலும் பிரதோஷத்தன்று இதைத்தான் நந்திக்கு வைப்பார்கள். ஒரு கை பச்சரிசியைக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்து, துணியில் சிறிது உலர்த்துங்கள். பொடித்த வெல்லம் அரைக் கை, தேங்காய்த் துருவல் இரண்டு கரண்டி, ஒரு ஏலக்காய். கையால் பிசறிவிட்டால் முடிந்தது, அடுப்பே வேண்டாம். அரிசி அதிகம் ஊறிவிட்டால் குழைந்துபோகும். கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும்.

இன்னும் செய்ய முடிந்தால் தயிர்சாதமும் சுண்டலும். அதற்குக் காரணம் உண்டு. நாள் முழுக்கக் காலியாக இருந்த வயிற்றில் முதலில் வடையும் புளியோதரையும் விழுந்தால் இரவெல்லாம் நெஞ்செரிச்சல்தான். முதலில் தீர்த்தம், பிறகு ஒரு வாய் காப்பரிசி, பத்து நிமிடம் கழித்துத் தயிர்சாதம். பச்சைப்பயறு சுண்டல் கொண்டைக்கடலையைவிட வயிற்றுக்கு இதம்.

ஒன்றுமே முடியவில்லையா? ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு வெல்லம் வையுங்கள்.

மாதவிலக்கு நாளில் பிரதோஷம் வந்தால்? தீட்டு வந்தால்?

பெரும்பாலான வீடுகளில் அந்த நாட்களில் பூஜை அறைக்குள் போவதில்லை. வீட்டில் வேறு யாராவது விளக்கேற்றட்டும்; கணவரோ மகனோ ஏற்றினால் எரியாதா என்ன? நீங்கள் உபவாசம் இருக்கலாம், மனத்துக்குள் ஐந்தெழுத்தைச் சொல்லலாம், விரதக் கணக்கு அறுபடாது. உடம்பு அசதியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுங்கள். இறப்புத் தீட்டுக்கு எத்தனை நாள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உங்கள் வீட்டு வழக்கப்படி அந்த நாட்கள் கழிந்ததும் தொடருங்கள்.

சனிப் பிரதோஷம்தான் பலன் தருமா?

ஆலகாலம் உண்டது சனிக்கிழமை என்ற நம்பிக்கையால் அதை மகா பிரதோஷம் என்கிறோம். ஆண்டில் மூன்று நான்கு முறைதான் வரும், கோயில்களில் கூட்டம் நிற்க இடம் இருக்காது. விரதம் தொடங்க அதைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழக்கம். ஆனால் ஒரு சனிப் பிரதோஷம் பார்த்தால் இத்தனை ஆண்டு கோயிலுக்குப் போன பலன் என்று வாட்ஸ்அப்பில் வரும் கணக்குகளில் எனக்கு மனம் செல்வதில்லை. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் என்று வருவதை உடனே அழித்துவிடுங்கள். உலகத்தின் விஷத்தையே வாங்கி உண்டவர், செய்தி அனுப்பவில்லை என்று யாரையும் தண்டிக்க மாட்டார்.

ஒரு பிரதோஷம் விட்டுப்போனால் குற்றமா?

இல்லை. அடுத்தது பதினைந்து நாளில் வருகிறது. பயணம், நோய், மறதி எல்லாம் மனிதர்க்கு உள்ளவை. பரிகாரம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மகா சிவராத்திரிக்கு முந்தைய நாளோ அதே நாளோ பிரதோஷமும் வருகிறதே, இரண்டுக்கும் சேர்த்து விரதமா?

மாலையில் திரயோதசியும் நள்ளிரவில் சதுர்த்தசியும் அமையும் ஆண்டில் இரண்டும் ஒரே நாளில் வரும். அப்போது மாலையில் பிரதோஷ பூஜை செய்து, பால் பழத்தோடு இருந்து, இரவு கண்விழிப்பைத் தொடரலாம். அடுத்தடுத்த நாள் என்றால், பிரதோஷ இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் விழிக்க உடம்பில் தெம்பு வேண்டும்.

எங்கள் வீட்டில் பெருமாள் வழிபாடு. நாங்கள் செய்யலாமா?

அந்தி வேளையில் தூணிலிருந்து வெளிப்பட்டவர் நரசிம்மர். பெருமாள் கோயில்கள் சிலவற்றில் பிரதோஷத்தன்று மாலையில் நரசிம்மருக்குத் திருமஞ்சனம் நடக்கிறது. உங்கள் வீட்டில் அவருக்குப் பானகம் வைத்து விளக்கேற்றுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஈடுபாடு இல்லை. தனியாகச் செய்ய மனம் சோர்கிறது.

யாரையும் இழுத்து உட்காரவைக்காதீர்கள். என் மகன் பதினான்கு வயதில் பூஜைக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். வருத்தமாகத்தான் இருந்தது. காப்பரிசியை மட்டும் கதவுக்கு வெளியே கிண்ணத்தில் வைத்துவிட்டு வருவேன். இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். சில பிரதோஷ மாலைகளில் தொலைபேசியில் கூப்பிட்டு, "அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் அம்மா" என்று கேட்கிறான்.

மறுநாள் காலையில் ஏதாவது செய்ய வேண்டுமா?

பெரிதாக ஒன்றும் இல்லை. மஞ்சள் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றுங்கள். பூக்களை எடுத்துவிட்டு, வில்வத்தை மட்டும் கழுவி நிழலில் உலர்த்தி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விளக்கைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த பிரதோஷம் என்றைக்கு என்று பார்த்து நாள்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள்.